முதுகில் எழுதிய தமிழ்

தனிப்பாடல் திரட்டைப் புரட்டியவர்கள் அந்தகக்கவி வீரராகவ முதலியாரை அறிந்திருப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டுப் புலவராக எண்ணப்படும் இவர், தொண்டை நாட்டுப் பூதூரில் வடுகநாத முதலியாரின் மகனாகப் பார்வையின்றிப் பிறந்தவர். அந்தகன் என்றால் பார்வையற்றவன். பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால் குறையை ஒட்டிவைத்துத்தான் நம் இலக்கிய வரலாறு அவரைப் போற்றுகிறது. எனக்கு இது உறுத்துகிறது.

பிரெயில் எழுத்து 1824-இல்தான் உருவானது. அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஏடும் எழுத்தாணியுமாக இருந்த காலத்தில், இந்தப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தது எப்படி? முதுகில் எழுதிக் காட்டிக் கற்பித்தார்கள் என்கின்றன புலவர் வரலாறுகள். சுங்கை பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவனாக இருந்தபோது நாங்கள் இதை விளையாடிப் பார்த்திருக்கிறோம். ‘ண’வும் ‘ன’வும் முதுகில் ஒன்றாகவே இருக்கும். அப்படி எழுத்துக் கூட்டி இலக்கணமும் இலக்கியமும் கற்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! மாணவனுக்கு மட்டுமல்ல, ஆசிரியருக்கும்.

அவ்வாறு கற்றவர் திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், சந்திரவாணன் கோவை முதலியவற்றைப் பாடினார். நகைச்சுவையும் மிகுந்தவர். வழிநடையில் அவருடைய கட்டுச்சோற்றை நாய் கவ்விச் சென்றபோது, வயிரவனின் வாகனம் நான்முகனின் வாகனத்தைப் பறித்துக்கொண்டு திருமாலின் வாகனமாய்ப் பறந்ததென்று பாடிவிட்டார். அன்னம் என்பது பறவையுமாகும், சோறுமாகும் அல்லவா? பசியிலும் சிலேடை! கடல் கடந்து யாழ்ப்பாணம் சென்று பரராசசேகர மன்னனிடம் பரிசு பெற்றார் என்றும் கூறுவர். யாழ்ப்பாண அரசு 1619-இல் போர்ச்சுக்கீசியரிடம் வீழ்ந்ததால், இதைக் காலக்கணக்கோடு பொருத்துவது எளிதன்று.

அவருடைய கவித்திறனைவிட அந்த முதுகுப் பாடமே என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. பார்வையற்ற நண்பர் ஒருவரோடு விரிவுரைக்குச் செல்பவன் நான். திரையில் படத்தைக் காட்டி, இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள் என்று பாடம் ஓடும். குறிப்புகளும் படமாகவே வரும். அவருடைய கணினி மென்பொருளால் அவற்றைப் படித்துக் காட்ட இயலாது. இரவில் விடுதியில் நான் வாசிப்பேன், அவர் கேட்பார். இப்படி என்னை நம்பிப் படிக்க வேண்டிய நிலை அவருக்கு ஏன்? மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், கற்பிக்கும் முறையையும் அவர்களின் தேவைக்கேற்ப அமைக்கச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று மட்டும் அது இயற்றப்பட்டபோது எழுதப்படவில்லை.

இரண்டாம் ஆண்டில் விரிவுரையாளர் ஒருவர், திரையில் உள்ளதை யாரும் கேட்காமலேயே வாய்விட்டு விளக்கத் தொடங்கினார். வரைபடம் என்றால் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதுவரை சொல்வார். அந்தப் பாடத்திற்கு மட்டும் நண்பருக்கு இரவில் என் உதவி தேவைப்படவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்து திரை சரியாகத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த எங்களில் சிலரும் அப்போதுதான் ஒழுங்காகக் குறிப்பெடுத்தோம்.