வௌவாலுக்குப் பெயர் சூட்டிய வைத்தியர்

அந்திக்கருக்கலில் லயத்துக் கூரையோரத்திலிருந்து வௌவால்கள் புறப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அபசகுனம் என்று முகஞ்சுளிப்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் அவற்றைப் பொறுமையுடன் ஆராய்ந்து உலகறியச் செய்த ஒருவர் முன்னொரு காலத்தில் நம் நுவரெலியாவிலே வாழ்ந்தார். அவரே வைத்தியர் எட்வர்ட் பிரெடெரிக் கெலாட்.

1819ஆம் ஆண்டு இலங்கையில் பிறந்த கெலாட், ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்று இராணுவ வைத்தியரானார். ஜிப்ரால்டரில் கடமையாற்றிய காலத்தில் அங்குள்ள செடிகொடிகளை ஆராய்ந்து, 1846இல் ஒரு நூலை வெளியிட்டார். பின்னர் தாய்நாடு திரும்பி நுவரெலியாவில் பணிபுரிந்தார். அப்போது நம் மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் இல்லை. கோப்பிக்காகவே காடுகள் அழிக்கப்பட்டு வந்தன. அந்தக் காடுகளின் கரடிக்குரங்கையும் நீண்ட நகமுடைய மூஞ்சூறையும் அவர் விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தார். இலங்கை விலங்குகளைப் பற்றிய அவருடைய நூல் 1852இல் வெளிவந்தது.

வௌவால்களில் இரண்டு இன்றும் அவர் பெயரை நினைவூட்டுகின்றன. ஒன்று, 1850இல் அவர் விவரித்த இலைமூக்கு வௌவால். மற்றது, 1852இல் விவரித்த சிறு வௌவால். இரண்டும் இருளில் ஒலியெழுப்பி, எதிரொலி கேட்டுப் பூச்சி பிடிப்பவை. பேராதனைப் பூங்காவில் தொங்கும் பெரிய பழந்தின்னிகளோ கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்பவை.

இந்த வேற்றுமை மூளையிலும் தெரிகிறது. பூச்சியுண்ணிகளின் மூளையில் செவிப்புலனுக்குரிய பகுதி பெருத்திருக்கும். பழந்தின்னிகளின் மூளையில் பார்வைக்கும் மோப்பத்துக்கும் உரிய பகுதிகள் பெருத்திருக்கும். பழந்தின்னிகளின் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதைகள் குரங்கினத்தை ஒத்திருப்பதை 1986இல் அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் பெட்டிகுரு எடுத்துக்காட்டி, அவை குரங்குகளுக்கே உறவு என்று வாதிட்டார்.

ஆனால் பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டபோது வேறொன்று தெரியவந்தது. வௌவால்கள் அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. அதிலும் வியப்பு என்னவெனில், கெலாட்டின் இலைமூக்கு வௌவால், அவருடைய சிறு வௌவாலைவிடப் பழந்தின்னிக்கே நெருங்கிய உறவு! ஒரே விதமாக வேட்டையாடுவதாலோ, மூளையில் ஓர் ஒற்றுமை இருப்பதாலோ மட்டும் உறவைத் தீர்மானித்துவிடலாகாது என்பதே இதிலுள்ள பாடம்.

கெலாட் இதையெல்லாம் அறிய வாழவில்லை. பிற்காலத்தில் அரசாங்கத்துக்காக முத்துச் சிப்பிகளை ஆராய்ந்த அவர், 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியில், கப்பலிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதே. ஆயினும் அன்று அவர் கவனமாகக் குறித்து வைத்தவற்றின் மீதுதான் பின்வந்தோர் கேள்வி எழுப்ப முடிந்தது.

இன்று மாலை கூரையிலிருந்து வௌவால் பறந்தால், அதைத் தொடவும் வேண்டாம். புகைபோட்டுத் துரத்தவும் வேண்டாம். பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்யும் அச்சிறு பிராணியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, நுவரெலியா வைத்தியரின் கதையைச் சொல்லுங்கள்.