தகரக் குழாயில் அலையைப் பிடித்தவர்

குழந்தைகளே! திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அடுக்குமாடி வீடுகள் பெருகியதும், மைக்ரோவேவ் அவன் என்கிற பெட்டியும் பல சமையலறைகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. காலையில் வைத்த சாம்பாரை, நீங்கள் பள்ளிவிட்டு வந்ததும் இரண்டே நிமிடத்தில் சூடாக்கித் தருகிறதே, அந்தப் பெட்டிதான். அடுத்த முறை அதன் கதவைத் திறக்கும்போது உள்ளே பக்கவாட்டுச் சுவரைக் கவனியுங்கள். பெரும்பாலான அடுப்புகளில் உள்ளங்கை அளவுக்கு, அட்டை போல ஒரு தகடு தெரியும். அது அட்டை அல்ல, மைக்கா. நம் ஊர்ப் பேச்சில் காக்காய்ப்பொன். அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு சதுர உலோகக் குழாய் இருக்கிறது. அதன் வழியாகத்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகள் வந்து சாம்பாரைச் சூடாக்குகின்றன.

நுண்ணலைகளை இப்படிக் குழாய் வழியாக அனுப்பி ஆராய்ந்த உலகின் முதல் சிலரில் ஒருவர் இந்தியர். அவர் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, இன்றைய வங்காள தேசத்தில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். ஆனால், இவர் அப்பா மகனை வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒரு பக்கம் மீனவர் மகன். இன்னொரு பக்கம் வீட்டு வேலையாளின் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிரினக் கதைகளைக் கேட்டே அவருக்கு இயற்கையின் மேல் ஆசை வந்தது.

பிறகு கல்கத்தாவில் படிப்பு. 1880இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார். உடல்நலம் ஒத்துவரவில்லை. எனவே, கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்துவிட்டுத் திரும்பினார்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஓர் அநியாயம் காத்திருந்தது. ஆங்கிலேயப் பேராசிரியருக்கு மூன்று ரூபாய் என்றால், அதே வேலை பார்க்கும் இந்தியருக்கு இரண்டு ரூபாய்தான். இவருடையது தற்காலிக வேலை என்று சொல்லி, அதிலும் பாதியைக் குறைத்துவிட்டார்கள். ஆக, மூன்றுக்கு ஒன்று!

போஸ் சண்டை போடவில்லை. வேலையை விடவும் இல்லை. தினமும் கல்லூரிக்குப் போய் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். மாதம் பிறந்தால் சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! அப்போது அப்பாவுக்கு நிறையக் கடன். நடுவில், 1887இல் அபலா என்ற பெண்ணைத் திருமணமும் செய்துகொண்டார். (வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் தராத காலத்தில், நம் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அந்த அம்மையார்.) சம்பளம் இல்லாமல் அந்தக் குடும்பம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும், வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

ஆராய்ச்சிக்கு என்று கல்லூரியில் நல்ல இடம் கிடையாது. கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறை. கருவிகள் வாங்கப் பணமும் இல்லை. போஸ், தகர வேலை செய்யும் ஒருவரைப் பிடித்தார். பள்ளிப் படிப்பு இல்லாத அந்தத் தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுத்து, தன் கருவிகளை அவர் கையாலேயே செய்ய வைத்தார். சதுரக் குழாய்கள் செய்தார்கள். எண்ணெய் ஊற்றும் புனல் போல வாய் விரிந்த ஒரு கருவியையும் செய்தார்கள். அலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் புனல் அது! இன்று ரேடியோ தொலைநோக்கிகளில் கூட இந்தப் புனலின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1880களின் கடைசியில் உண்டாக்கிக் காட்டிய அலைகள் நீளமானவை. போஸ் உண்டாக்கிய அலையின் நீளம் வெறும் 5 மில்லிமீட்டர் வரை இறங்கியது. ஓர் உளுந்து மணி அளவு! 1895இல் கல்கத்தா டவுன்ஹாலில், சுவரைத் தாண்டி அலையை அனுப்பி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்க வைத்தார்; வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். நடுவில் கம்பியே கிடையாது. கூட்டம் அசந்து போயிற்று.

அவருடைய கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு புத்தகம். ஆமாம், ரயில் கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு இடையே மெல்லிய ஈயத்தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒரு விதமாகப் பிடித்தால் அலை உள்ளே புகுந்து போகும். திருப்பிப் பிடித்தால் நின்றுவிடும். பல நூறு ரூபாய் கருவி செய்ய வேண்டிய வேலையை அந்தப் பழைய புத்தகம் செய்தது.

போஸ் காலத்தில் மைக்ரோவேவ் அடுப்பு கிடையாது. அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1945இல்தான் பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கர், ரேடார் கருவியின் அருகே நின்றபோது தன் சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்தது இந்த அடுப்பு. இதில் ஓடும் அலை சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். கதவுக் கண்ணாடியில் உள்ள வலையின் ஓட்டைகள் மிகச் சிறியவை. அதனால்தான் அலை வெளியே வருவதில்லை.

இனி, அடுப்பு மக்கர் செய்தால் என்ன செய்வது? உள்ளே படபடவென்று பொறி பறந்தால் உடனே நிறுத்துங்கள். எவர்சில்வர் கிண்ணமோ, தங்கக் கோடு போட்ட பீங்கானோ உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லை என்றால், பெரும்பாலும் அந்த மைக்கா தகடுதான் காரணம். குழம்பும் எண்ணெயும் தெறித்துத் தெறித்து, அதில் ஓர் இடம் கருகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு, பெரியவர்கள் அதைக் கழற்றலாம். உதிரிபாகக் கடையில் மைக்கா ஷீட் கிடைக்கும். பழையதை மேலே வைத்து அளவு வரைந்து, கத்தரியால் வெட்டிப் பொருத்தினால் ஆயிற்று. பின்னால் உள்ள உலோகமும் கருகியிருந்தால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். கண்ணாடித் தட்டு சுற்றவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டுக்கு அடியில் உள்ள சக்கர வளையத்தை எடுத்துக் கழுவுங்கள். இதை நீங்களே செய்யலாம்.

ஆனால், வெளி மூடியின் ஸ்க்ரூவில் மட்டும் கை வைக்கக் கூடாது. அப்பாவும்தான்! வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்த மூடிக்குள் அது 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறது. உள்ளே இருக்கும் கன்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டால் உயிர் போய்விடும். விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, ஆனால் சூடாகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். கதவு சரியாக மூடாவிட்டாலும் அடுப்பைப் போடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரைக் கண்டால் கை சும்மா இருக்காத பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும்! பழைய டார்ச் லைட்டைக் கழற்றுங்கள். ஓடாத கடிகாரத்தைக் கழற்றுங்கள். இதை வேண்டாம்.

போஸ் கதையை விட்ட இடத்துக்கு வருவோம். அலைகளைக் கண்டுபிடிக்கும் அவருடைய கருவி ஒன்றுக்கு, நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துப் பணம் சேர்க்க அவர் முயலவே இல்லை. சம்பளத்துக்காக மூன்று ஆண்டுகள் பிடிவாதமாக நின்றவரா இப்படி என்று தோன்றுகிறது அல்லவா? அங்கே அவர் கேட்டது பணத்தை அல்ல, சம மரியாதையை என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு அவர் மனம் செடிகொடிகள் பக்கம் திரும்பியது. செடி வளர்வதைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். நம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1907இல் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போனபோது, போஸ் அங்கே பெரும் புகழோடு இருந்தார். 1917இல், தன் பிறந்த நாள் அன்றே, சொந்தமாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். போஸ் நிலையம் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி, 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது போஸ் மறைந்தார். கடைசி நாட்களில் அவர் தங்கியிருந்த ஊர் கிரிதி. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அந்த வட்டாரம் எதற்குப் பேர் போனது தெரியுமா? மண்ணுக்கு அடியில் கிடைக்கும் மைக்காவுக்கு!