திரு. வி. க.வும் பத்திரிகைத் தமிழும்

1908 ஆம் ஆண்டிலே திரு. வி. கலியாணசுந்தரனார் தம் ஆசிரியரின் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். அதன் பெயரில் ‘சரித்திரம்’ என்னுஞ் சொல் இருந்தது. 1944 இல் தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது அதற்கு ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ என்று பெயர் சூட்டினார். இவ்விரு தலைப்புகளுக்கும் இடைப்பட்ட 36 ஆண்டுகளில் தமிழ் உரைநடை நெடுந்தூரம் நடந்து வந்துவிட்டது. அதனை நடத்தி வந்தோருள் அவரும் ஒருவர்.

அந்த ஆசிரியர் நம் நாட்டவர். யாழ்ப்பாணத்துப் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை. சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் அவரிடம் தமிழ் கற்ற கலியாணசுந்தரனார், அவர்மீது எழுந்த வழக்கொன்றிற் சாட்சி கூறச் சென்றமையாற் பள்ளியிறுதித் தேர்வையே இழந்தார். பட்டம் போயிற்று; தமிழ் நின்றது. 1907 இல் ஆசிரியர் மறைந்தார். அடுத்த ஆண்டு மாணவர் எழுதிய அச்சரித்திரம் பழைய பண்டித மரபில் அமைந்தது; கற்றோர் மெச்சுதற்குரியது.

1883 இற் பிறந்த அவர், வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் பணியைத் துறந்து, 1917 டிசம்பரில் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அக்காலப் பத்திரிகைத் தமிழ் எத்தகையது? ஆங்கிலத் தந்திச் செய்திகளை அவசரத்தில் பெயர்த்தெழுதும் வழக்கம் மிகுந்திருந்தது. சொற்கள் தமிழெழுத்தில் இருந்தன; வாக்கியத்தின் எலும்போ ஆங்கிலம். வடசொற்களும் ஆங்கிலச் சொற்களும் நிரம்பிய அந்நடையே பத்திரிகைக்கு உரியதென்று பலர் எண்ணினர். அரசியலை நல்ல தமிழில் எழுத இயலாது என்பதும் அன்று சாதாரண எண்ணமே. கலியாணசுந்தரனார் அதனை ஏற்கவில்லை.

ஆயினும் அவர் எதிரே இருந்த இடர் ஒன்றன்று. தாம் கற்ற பண்டித நடையும் பத்திரிகைக்கு உதவாது என்பதை அவர் விரைவிற் கண்டார். 1918 ஏப்ரலிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதனை வளர்த்தோருள் ஒருவராகிய அவர், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் முன் மாலைதோறும் பேச வேண்டியவரானார். நீண்ட தொடர்கள் அங்கே செல்லுமா? பகலெல்லாம் தறியோசை கேட்டுக் களைத்த செவி அவற்றைத் தாங்காது. மேடையிற் குறுகிய வாக்கியம் எழுதுகோலிலுங் குறுகிற்று. இலக்கணம் பயின்ற ஒருவருக்கு முப்பத்தைந்து வயதளவில் தம் நடையை இவ்வாறு மாற்றிக் கொள்வது எளிய செயலன்று. புதிதாக எழுதப் பழகுவோனுக்கு இத்துணைத் துன்பம் இல்லை.

சொல்லாக்கத்தில் அவர் முரட்டுப் பிடிவாதம் காட்டியவரல்லர். ‘தேசபக்தன்’ என்ற பெயரே வடமொழி. 1920 அக்டோபரில் அவர் தொடங்கிய ‘நவசக்தி’யும் அவ்வாறே. பெயரை வைத்துக்கொண்டு உள்ளே நடையைத் திருத்தினார்! தனித்தமிழ் அன்பர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். நாளிதழ் மறுநாட் காலையில் வெளிவந்தே தீரவேண்டும் என்பதை அறிந்தோர் அவர்மேற் குறை காணார்.

அவர் நடைக்கும் குற்றம் உண்டு. வியப்புக் குறிகள் அளவிறந்து வரும். ஒரே கருத்து அடுக்கடுக்காகச் சுழலும். மேடையின் சாயல் தாளில் ஒட்டிக் கொண்டதன் விளைவு அது. ‘நவசக்தி’யில் அவரிடம் பயின்ற கல்கி அச்சுழலைக் கைக்கொள்ளவில்லை, நகைச்சுவையும் பேச்சின் இயல்பும் கலந்த வேறொரு நடையைத் தமக்கென அமைத்துக் கொண்டார். 1930 களில் வாசகர் கூட்டம் அந்நடையை நாடிச் சென்றது. பண்டித நடையினின்று பத்திரிகையைப் பிரித்தெடுத்தவரின் நடையே சற்றுக் கடினமானது என்று சொல்லப்படுங் காலமும் வந்தது.

அதற்காக அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1947 இல் ஆலை வேலைநிறுத்தக் காலத்தில் அரசாங்கம் அவரை வீட்டுக்காவலில் வைத்தது. பின்னர்ப் பார்வை மங்கி, முற்றும் மறைந்தது. அச்சுப்படியை எழுத்தெண்ணித் திருத்திய கண்கள் அவை. இறுதி நூல்களை அவர் வாயாற் சொல்லப் பிறர் எழுதினர். படுக்கையிற் கிடந்தவாறே சொல்லிய நூலொன்றிற்குப் ‘படுக்கைப் பிதற்றல்’ என்று தாமே பெயரிட்டார். அதன் வாக்கியங்கள் மிகக் குறுகியவை. 1953 செப்டம்பர் 17 ஆம் நாள் அவர் மறைந்தார்.