கம்பியை மிதித்தால் கிளிக்! புலிகளை எண்ணக் கற்றுத்தந்த கேமராக்காரர்

சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங்கில் சுட்டுக் கொல்லப்பட்டது.

அதே காலத்தில் இந்தியாவில் ஒருவர் துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமராவுடன் புலிகளைத் தேடினார். இன்று புலிகளை எண்ணும் முறைக்கு அவர் ஒரு முன்னோடி.

யார் இவர்?

ஃப்ரெட்ரிக் வால்ட்டர் சாம்பியன் 1893இல் இங்கிலாந்தில் பிறந்தார். 1913இல் இந்தியாவுக்குப் போனார். முதல் உலகப் போருக்குப் பின் வனத்துறை அதிகாரியாக, இமயமலை அடிவாரத்திலுள்ள சிவாலிக் காடுகளில் வேலை பார்த்தார்.

புலி வேட்டை பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. சாம்பியனுக்கு அது பிடிக்கவில்லை.

இருட்டுல எப்படிப் படம் புடிச்சாரு?

புலி நடக்கும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டிவைத்தார். புலியின் கால் பட்டதும் மக்னீசியத் தூள் பளிச்சென எரியும். கேமரா படம் எடுத்துவிடும்.

1925இல் அந்தப் படங்கள் லண்டன் இதழில் வெளியாயின. 1927இல் புத்தகமும் வந்தது.

படங்களை ஒப்பிட்டபோது இன்னொன்றும் புரிந்தது. நம் கைரேகை போல, ஒவ்வொரு புலியின் வரியும் வேறு!

வரியை வைத்து எண்ணுவது எப்படி?

தேக்கா சந்தைக்கு வழக்கமாக வருபவர்களில் 50 பேரை ஒரு நாள் படம் எடுக்கிறீங்கன்னு வைங்க. இன்னொரு நாள் மேலும் 50 பேர். அதில் 10 பேர் ஏற்கெனவே படத்தில் இருப்பவர்கள்.

அப்படின்னா, மொத்தம் சுமார் 250 பேர் (50 × 50 ÷ 10). எல்லாரையும் பார்க்காமலேயே கணக்கு கிடைச்சிடும்!

1990களில் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலிகளை இப்படித்தான் கணக்கிட்டார்.

ஏன் முக்கியம்?

முன்பு காலடித் தடத்தை வைத்து எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் இருப்பதாகக் கணக்கு சொன்னது. 2005இல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வேட்டைக் கும்பல்கள் கொன்றிருந்தன.

கணக்கு தப்பானால் ஆபத்து தெரியாது. அதன்பின் இந்தியா கேமராவுக்கு மாறியது. 2006இல் மதிப்பீடு 1,411 புலிகள். 2022இல் சுமார் 3,682.

பிறகு சாம்பியன்?

இந்திய விடுதலைக்குப் பின் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். 1970இல் ஸ்காட்லந்தில் காலமானார். இந்தியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது அதற்கு 2 ஆண்டுக்குப் பிறகுதான்.

இன்று கம்பி இல்லை. உடல் வெப்பத்தை உணரும் கருவி இருக்கிறது. ஆனால் யோசனை அதேதான்: புலியைத் தொந்தரவு செய்யாமல், அதுவே தன்னைப் படம் எடுத்துக்கொள்ள விடுவது.