காத்திருந்த வேதசாட்சி

ஓரியூர்ச் செம்மணலை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் திரும்பும் நாம், நவநாள் முடிவதற்குள் கேட்டது கிடைக்காவிட்டால் முகம் வாடிவிடுகிறோம். அந்த மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் காத்திருந்த காலத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்து, 1673-ல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் உழைத்தவர் அவர். வேதசாட்சியாக மரிக்க வேண்டுமென்பதே அவர் மன்றாட்டு. 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டு, வதைபட்டு, மரணத் தீர்ப்பும் பெற்றார். ஆனால் சேதுபதி அவரை விடுவித்துவிட்டார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை! நாமாக இருந்தால் செபத்தையே விட்டிருப்போம். அவரோ மேலிடத்தார் சொற்படி ஐரோப்பா சென்றார். போர்த்துக்கல் அரசர் அவருடைய இளமைத் தோழர். அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அதற்கும் இணங்காமல் 1690-ல் திரும்பி வந்தார்.

தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழத் துணிந்ததால் எழுந்த கோபத்தில், 1693 ஜனவரியில் அருளானந்தர் மீண்டும் கைதானார். ஓரியூர்ச் சிறையில் வைக்கோல் துரும்பைக் கரித்தண்ணீரில் தோய்த்துக் கடைசிக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4-ம் நாள் கொலைக்களத்தில் அவர் கேட்டது, செபிக்கச் சற்று நேரம்.

திருச்சபை அவரைப் புனிதரென அறிவித்தது 1947-ல். மறவ நாட்டு மக்கள் அதற்கும் 254 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.