காசு போயும் எழுந்திருக்க மனசு வராதது ஏன்? புறாக்களிடம் விடை தேடிய ஸ்கின்னர் யார்?

சூதாட்ட மெஷின் முன்னாடி உட்கார்ந்தவர், கையில் இருக்கும் காசு கரைஞ்ச பிறகும் எழுந்திருக்க மாட்டார். அடுத்த தடவை விழுந்துடும்னு ஒரு நம்பிக்கை. இந்தப் பிடி எப்படி உருவாகுது என்பதை எலி, புறாக்களை வைத்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர்.

யார் இவர்?

1904 மார்ச் 20-ல் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹன்னா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வக்கீல். எழுத்தாளர் ஆகணும்னுதான் ஆசை. ஆனா எழுத்து கைகூடல. உளவியல் பக்கம் திரும்பியவர், 1931-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

தீனி தீர்ந்தபோது...

பெட்டிக்குள் இருக்கும் எலி லீவரை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை விழும். அந்த உருண்டைகளைத் தயாரிப்பதும் ஸ்கின்னர்தான். ஒரு சனிக்கிழமை பார்த்தால், கையிருப்பு திங்கட்கிழமை காலையோடு தீர்ந்துவிடும் நிலை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொடுக்காமல், நிமிஷத்துக்கு ஒண்ணு மட்டும் கிடைக்கும்படி மாற்றினார். எலி விட்டுடலை. சீரான வேகத்தில் அழுத்திக்கிட்டே இருந்தது!

சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம், பெரிய ஆராய்ச்சியாக வளர்ந்தது. எப்போ வரும்னே தெரியாத பரிசுக்குப் பழகிய புறா, பரிசு நின்ற பிறகும் ரொம்ப நேரம் கொத்தும். சூதாட்ட மெஷினின் சூட்சுமமும் இதுதான் என்றார் ஸ்கின்னர். 1957-ல் சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து இதைப் பெரிய நூலாக வெளியிட்டார்.

ரெண்டு பட்டன் இருந்தால்?

இந்தக் கேள்வியை எடுத்தவர், அவரது மாணவர் ரிச்சர்ட் ஹெர்ன்ஸ்டைன். 1961-ல் வெளியான அவரது ஆய்வில், புறா முன் ரெண்டு பட்டன்கள். ரெண்டிலும் தீனி வரும். எப்போ வரும்னு சொல்ல முடியாது. மொத்தத் தீனியில் மூணில் ரெண்டு பங்கு ஒரு பட்டனில் கிடைத்தால், கொத்தல்களிலும் சுமார் மூணில் ரெண்டு பங்கு அங்கேயே விழுந்தது. இதற்குப் பெயர் பொருத்த விதி.

அதாவது, ஒரு பழக்கத்தின் பலம் அதை மட்டும் பொறுத்ததல்ல. பக்கத்தில் வேறு என்ன கிடைக்குது என்பதையும் பொறுத்தது. பிள்ளை பாடப்புத்தகத்தை விட்டு போனை எடுத்தால், திட்டுவதற்கு முன் ஒண்ணு யோசிக்கலாம்: புத்தகத்தில் அவனுக்கு என்ன கிடைக்குது?

மனிதனை எலியாக்குகிறார் என்ற விமர்சனம் ஸ்கின்னரைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் அவர் எதிர்த்தது தண்டனையைத்தான். ஆளைக் குறை சொல்லாதே, சூழலை மாற்று என்பதே அவர் வாதம். ரத்தப் புற்றுநோயோடு போராடியபடியே உளவியலாளர்கள் மாநாட்டில் பேசியவர், எட்டே நாளில், 1990 ஆகஸ்ட் 18-ல் காலமானார்.