கார்ல் ரோஜர்ஸ்

கார்ல் ரான்சம் ரோஜர்ஸ் (ஜனவரி 8, 1902 – பெப்ரவரி 4, 1987) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் ஆவார். நாடுநரை மையப்படுத்திய உளச்சிகிச்சை என்னும் முறையை உருவாக்கியவர் இவரே. உதவி நாடி வருபவரே இம்முறையில் நாடுநர் எனப்படுகிறார். ஆபிரகாம் மாஸ்லோவுடன் சேர்த்து மனிதநேய உளவியலின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் எண்ணப்படுகிறார். மருத்துவப் பட்டம் பெறாத ஒருவர் உளச்சிகிச்சை அளிக்கலாமா என்பது பெரும் சச்சரவாக இருந்த காலத்தில், பல்கலைக்கழக வளாகத்திற்குள் உளவியலாளர்களே அப்பணியைச் செய்யும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

ரோஜர்ஸ் இலினொய் மாநிலத்தில் சிக்காகோவின் புறநகரான ஓக் பார்க்கில், ஆறு குழந்தைகளுள் நான்காமவராகப் பிறந்தார். தந்தை வால்ட்டர் ஒரு கட்டுமானப் பொறியாளர், தாய் ஜூலியா. கட்டுப்பாடு மிகுந்த கிறித்தவக் குடும்பம் அது. நடனம், சீட்டாட்டம், மது ஆகியவற்றுக்கு வீட்டில் இடமில்லை. இவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அந்துப்பூச்சிகளை வளர்த்துக் கவனிப்பதிலும், தந்தைக்காக வாங்கப்பட்ட வேளாண் அறிவியல் நூல்களைப் படிப்பதிலும் பொழுதைக் கழித்தார். ஒரு சோதனையை எவ்வாறு அமைப்பது, ஒப்பீட்டுக்கு மற்றொரு குழுவை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பனவற்றை அந்நூல்களிலிருந்தே முதலில் கற்றார். பிற்காலத்தில் உளச்சிகிச்சையை ஆராய்ந்தபோது இவர் கையாண்டதும் இந்த வழியே.

1919 ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்து, பின்னர் வரலாற்றுக்கு மாறினார். 1922 இல் உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பின் மாநாட்டிற்காகப் பீக்கிங் சென்றார். மாதக்கணக்கில் நீடித்த அப்பயணம் பெற்றோரின் சமயக் கருத்துகளிலிருந்து இவரை விலக்கியது. 1924 இல் பட்டம் பெற்று, ஹெலன் எலியட்டை மணந்து, நியூயார்க்கில் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அதை விட்டு, அருகிலிருந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்கு மாறி, 1931 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ராச்செஸ்டர்

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் சிக்கலுக்குள்ளான சிறுவர்களுக்கான பிரிவில் பணியாற்றினார். அங்கு நிகழ்ந்த ஒரு சந்திப்பு இவருடைய போக்கை மாற்றியது. அடங்காத சிறுவன் ஒருவனின் தாய்க்கு, மகனை அவர் உள்ளூர வெறுத்ததே சிக்கலின் வேர் என்று உணர்த்த ரோஜர்ஸ் பல வாரங்கள் முயன்றார். பலனில்லை. இருவரும் முயற்சியைக் கைவிட முடிவு செய்தனர். வாயில்வரை சென்ற அத்தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். பிறகு தம் மணவாழ்வின் துயரத்தை அவர் போக்கிலேயே சொல்லத் தொடங்கினார். சிகிச்சையும் அப்போதுதான் தொடங்கியது. எது நோகிறது, எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை நாடி வந்தவரே அறிவார் என்ற கருத்து இவரிடம் வேரூன்ற இந்நிகழ்வு காரணமாயிற்று. இதில் ஆட்டோ ராங்கின் சிந்தனைகளுக்கும் பங்குண்டு.

மருத்துவர்களுடனான மோதலும் இங்கேயே தொடங்கிவிட்டது. 1939 இல் அந்நகரில் புதிய வழிகாட்டல் மையம் ஒன்று அமைக்கப்பட்டபோது, அதற்கு மனநல மருத்துவரே தலைவராக வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டது. ரோஜர்ஸ் போராடி அப்பதவியைப் பெற்றார்.

ஒகையோ: ஒலிப்பதிவு

1940 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பட்டமேற்படிப்பு மாணவர்கள் மேற்பார்வையின்கீழ் உண்மையான நாடுநர்களைச் சந்தித்துப் பயிற்சி பெறும் வகுப்பை இங்கு நடத்தினார். பல்கலைக்கழகம் ஒன்றில் இவ்வாறான பயிற்சி அன்று மிகப் புதிது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையையே தம் சிகிச்சை முறையின் பிறப்பாக இவர் பின்னர் கருதினார். அறிவுரை கூறுவதும் நாடுநரின் மனத்தை அவருக்கே விளக்கிக் காட்டுவதும் பயன் தருவதில்லை என்பதே அவ்வுரையின் சாரம். மாணவர்களுக்கு அறிவுரை கூறி வழிநடத்தும் முறைக்குப் பெயர் பெற்ற இடம் மின்னசோட்டா என்பதை நினைத்தால், உரை எழுப்பிய சலசலப்பு வியப்பானதன்று.

1942 இல் வெளியான 'ஆலோசனையும் உளச்சிகிச்சையும்' என்ற நூல் இவர் செய்த பெரும் புதுமையைக் கொண்டது. ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரில் குறிக்கப்படும் ஒருவருடனான எட்டுச் சந்திப்புகளும் முழுமையாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு, சொல் விடாமல் அதில் அச்சிடப்பட்டன. காந்த நாடா பரவாத காலம் அது. இசைத்தட்டு போன்ற வட்டுகளில் ஒரு பக்கத்திற்குச் சில நிமிடங்களே பதிவாகும். ஆகவே ஒரு மணி நேர உரையாடலுக்கு வட்டுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை சிகிச்சை அறைக்குள் நிகழ்ந்ததைச் சிகிச்சையாளரின் நினைவுக் குறிப்புகளிலிருந்தே பிறர் அறிய முடிந்தது. பதிவுகளைக் கேட்ட பயிற்சியாளர்கள், நாடுநரின் போக்கிலேயே செல்வதாகத் தாங்கள் நம்பிக்கொண்டிருந்தபோதே எத்தனை முறை அவரைத் தம் பக்கம் இழுத்தனர் என்பதைக் கண்டு திகைத்தனர்.

சிக்காகோ ஆலோசனை மையம்

1945 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று அங்கு ஆலோசனை மையத்தை நிறுவினார். இரண்டாம் உலகப்போர் முடிந்து, படைவீரர்கள் அரசு உதவியுடன் கல்லூரிகளில் சேர்ந்த காலம் அது. மாணவர்கள் மட்டுமன்றி நகர மக்களும் இம்மையத்தை நாடினர். முடிவுகளில் பேராசிரியர்களுக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் ஒரே குரல் இருந்தது. யூஜின் ஜென்ட்லின், தாமஸ் கோர்டன் ஆகியோர் இங்கு உருவானவர்கள்.

மருத்துவ உரிமம் இன்றி மருத்துவம் செய்கிறார்கள் என்று குற்றம் சாட்டி, மையத்தை மூடிவிடுமாறு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறைத் தலைவர் கோரினார். ரோஜர்ஸ் கடுமையாக எதிர்த்து மையத்தைக் காப்பாற்றினார்.

இதற்கிடையே 1949 இல் இவரே நிலைகுலைந்தார். கடுமையான மனநோய்க்குள்ளான ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கையில், அவரிடமிருந்து தம்மைப் பிரித்துக்கொள்ள இயலாத நிலைக்கு ஆளானார். இறுதியில் அவரை வேறொரு மனநல மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியுடன் ஊரை விட்டே சென்று ஏறத்தாழ மூன்று மாதங்கள் விலகியிருந்தார். திரும்பிய பின்னரும் தாம் எதற்கும் தகுதியற்றவர் என்ற எண்ணம் நீங்கவில்லை. மையத்தில் தம்மைவிட இளையவரான ஆலிவர் பவுன் முன்வந்தபோது, அவரிடமே நாடுநராக அமர்ந்தார். தாம் வகுத்த முறையை இவர் தாமே பெற்று மீண்டார் என்பதும், அதைப் பின்னாளில் மறைக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கவை.

1952 இல் ஹான்ஸ் ஐசென்க், உளச்சிகிச்சை பலன் தருவதற்குச் சான்றில்லை என்று எழுதினார். 1954 இல் ரோஜர்சும் ரோசலிண்ட் டைமண்டும் தொகுத்து வெளியிட்ட சிக்காகோ ஆய்வு, அக்கேள்வியை அளவீட்டால் அணுகியது. நாடுநர் சிலர் சிகிச்சைக்கு முன் 60 நாள்கள் காத்திருக்க வைக்கப்பட்டனர். சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இருந்தது. நூறு கூற்றுகள் எழுதிய அட்டைகளைத் தாம் இருக்கும் நிலைக்கு ஏற்ப ஒருமுறையும், இருக்க விரும்பும் நிலைக்கு ஏற்ப மறுமுறையும் ஒவ்வொருவரும் வரிசைப்படுத்தினர். இவ்விரு வரிசைகளுக்கும் இடையிலான சராசரி ஒட்டுறவு, சிகிச்சைக்கு முன் சுழியை ஒட்டியும், முடிந்தபின் 0.34 ஆகவும் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இத்தகைய மாற்றம் இல்லை. தம்மைப் பற்றித் தாமே கூறுவதை நம்பலாமா என்ற ஐயம் எழுப்பப்பட்டாலும், உளச்சிகிச்சை அறிவியல் சோதனைக்கு உட்படக்கூடியதே என்பது இதனால் ஏற்கப்பட்டது. அமெரிக்க உளவியல் சங்கம் 1956 இல் முதன்முறையாக வழங்கிய சிறப்பு அறிவியல் பங்களிப்பு விருதைப் பெற்ற மூவருள் ரோஜர்சும் ஒருவர்.

பிற்காலம்

1957 இல் வெளியிட்ட கட்டுரையில், சிகிச்சையாளரின் பாசாங்கின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, நாடுநரின் நிலையில் நின்று உணர்தல் ஆகியவற்றை மாற்றத்திற்கு இன்றியமையாதவை மட்டுமல்ல, போதுமானவையும் என்ற நிபந்தனைகளுள் அடக்கினார். இவை பயன் தருபவை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் பெரிதும் ஏற்கின்றன. போதுமானவை என்பதைப் பலர் ஏற்பதில்லை. அதே ஆண்டு விஸ்கான்சின் சென்று மனச்சிதைவு நோயாளிகளிடம் தம் முறையைச் சோதித்தார். ஆய்வுக்குழுவினரிடையே பிணக்குகள் மூண்டன, தரவுகள் காணாமற்போயின, முடிவுகளும் எதிர்பார்த்த அளவுக்கு அமையவில்லை. 1961 இல் வெளியான 'மனிதராக உருவாதல்' என்ற நூல் இவரைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. 1964 இல் கலிபோர்னியாவின் லா ஹோயா நகருக்குச் சென்று, அதன்பின் பல்கலைக்கழகப் பதவி எதையும் ஏற்காமல் குழுச் சந்திப்புகளில் ஈடுபட்டார். வட அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் பகைமை கொண்டிருந்த தரப்பினரை ஒரே அறையில் அமர்த்திப் பேசவைக்க முயன்றார்.

கணினித் துறையினருக்கு ரோஜர்ஸ் வேறொரு வழியில் அறிமுகமாகியிருக்கக்கூடும். 1966 இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற உரையாடல் நிரல், இவர் முறையைப் பின்பற்றும் சிகிச்சையாளரைப் போல, பயனர் தட்டச்சிட்டதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்டது. சொன்னதைத் திருப்பிச் சொல்வதே இவருடைய முறை என்ற எண்ணம் பரவ இதுவும் ஒரு காரணம். தம் முறை வெறும் உத்தியாகக் குறுகுவதை ரோஜர்ஸ் வெறுத்தார்.

மனைவி ஹெலன் 1979 இல் காலமானார். 1987 ஆம் ஆண்டு கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ரோஜர்ஸ், அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதயம் செயலிழந்து, பெப்ரவரி 4 அன்று தமது 85 ஆம் வயதில் லா ஹோயாவில் காலமானார். அவ்வாண்டின் நோபல் அமைதிப் பரிசுக்கு இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது.